இயற்கை நனோநார்கள்: ஒரு விமர்சன நோக்கு

தோல் இழையப் பொறியியல் பற்றிய ஆய்வுகளில் 'இயற்கை நனோநார்' என்னும் தொடர் இன்று பெருவழக்காக உள்ளது. கொலாஜன், ஜெலற்றின், பட்டுப் புரதம், இறால் ஓட்டிலிருந்து பெறப்படும் கைற்றோசான் முதலியவற்றை நுண்ணிய நாராக நூற்றுக் காயத்தின்மீது பரப்பினால், உடற்கலங்கள் அந்நார்களைப் பற்றிப் படர்ந்து புதிய தோலை உருவாக்கும் என்பதே இவ்வாய்வுகளின் அடிப்படைக் கருத்து. இதற்கு நியாயம் உண்டு. உட்தோலில் இயல்பாக அமைந்த கொலாஜன் நார்களும் நனோமீற்றர் அளவிலான தடிப்புடையவையே. எனினும், 'இயற்கை' என்ற அடைமொழி எதனைக் குறிக்கின்றது என்பதை நாம் ஆராயாது விடலாகாது.

நூற்கும் முறையை முதலில் நோக்குவோம். கரைசலை ஊசிமுனை வழியே செலுத்தி, உயர் மின்னழுத்தத்தால் இழுத்து நாராக்குவதே மின்நூற்பு. 1934 இல் அன்ரன் போர்ம்ஹால்ஸ் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 2002 இல் வேர்ஜீனியா கொமன்வெல்த் பல்கலைக்கழக ஆய்வாளர் கொலாஜனை இவ்வாறு நூற்றுக் காட்டினர். பயன்பட்டது புளோரீன் கொண்ட அற்ககோல் கரைப்பான். இத்தகைய கரைப்பானில் நூற்கப்படும் கொலாஜன் தன் மும்மைச் சுருளமைப்பை இழந்து ஜெலற்றினாகி விடுகின்றது என 2008 இல் செயுகோலிஸ் முதலானோர் எடுத்துக்காட்டினர். ஜெலற்றினோ உடல் வெப்பநிலையில் நீரிற் கரைவது. அதனை நிலைக்கச் செய்தற்குக் குளூற்றரல்டிகைட்டு போன்ற, கலங்களுக்கு நஞ்சாகக்கூடிய பொருள்களும் கையாளப்பட்டுள்ளன. ஆகவே, மூலப்பொருள் இயற்கையானது என்பதனால் முடிபொருளும் இயற்கையானதெனக் கொள்வதற்கில்லை.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயனுடையது. 1981 இல் ஜோன் பேர்க்கும் அயோனிஸ் யன்னாசும் தீக்காய நோயாளர் பதின்மருக்குப் பயன்படுத்திய தோற்பதிலியும் மாட்டுக் கொலாஜனைக் கொண்டதே. ஆயினும், அதனை அவர்கள் 'செயற்கைத் தோல்' என்றே அழைத்தனர். அவர்கள் கருத்தூன்றியது துளைகளின் பருமனிலும், உடல் அப்பொருளைச் சிதைக்கும் வேகத்திலுமாகும். கலங்களும் குருதிக் கலன்களும் உட்புகத்தக்கனவாக அத்துளைகள் பல பத்து மைக்கிரோமீற்றர் அகலத்தில் அமைந்தன. 1996 இல் அமெரிக்க அரசின் அனுமதியையும் அது பெற்றது. நெருக்கமாக நூற்ற நனோநார் விரிப்பிலோ துளைகள் மிகச் சிறியன; கலங்கள் மேற்பரப்பிற் படர்கின்றனவேயன்றி உள்ளே புகுதல் அரிது. மூலத்தின் பெயர் கட்டமைப்பின் குறையை ஈடுசெய்யாது.

பெறுபேறுகளை மதிப்பிடும் முறையும் கேள்விக்குரியது. எலியின் தளர்ந்த தோல் பெரும்பாலும் சுருங்கியே காயத்தை மூடுகின்றது. மனிதத் தோலின் நிலை வேறு. எலியில் விரைந்து மூடிய காயத்தைக் கொண்டு மனிதனுக்கு உறுதி கூறல் பொருந்தாது.

இத்துறையை நாம் நிராகரிக்கவில்லை. பட்டுப் புரதத்தை நீர்க்கரைசலிலிருந்தே நூற்கும் முயற்சிகள் வரவேற்கத்தக்கன. ஆனால், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் தீக்காயத்தால் இறக்கும் ஏறத்தாழ 1,80,000 பேரில் மிகப் பெரும்பாலோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் மக்கள். அடுப்பங்கரையிலும் வேலைத்தலத்திலும் எரிந்த அவ்வுடல்களுக்கு எட்டும் விலையில் இப்பொருள் கிடைக்குமா என்னும் வினாவை ஆய்வுக்கட்டுரைகளின் முடிவுரைகள் பெரிதும் தவிர்த்துவிடுகின்றன. நூற்ற பின் எஞ்சும் கட்டமைப்பு யாது, எஞ்சும் நஞ்சு எவ்வளவு, பயன் யாரைச் சேரும் என்னும் மூன்றுக்கும் விடை தரும் ஆய்வே மக்கள் சார்ந்த விஞ்ஞானம் எனத்தக்கது.