கணினித் திரையில் உயிர்மெய்: வடிவமும் வண்ணமும்

தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுப்பவனுக்கு வண்ணம் ஆடம்பரம் அன்று. ஆண்டர்சன்பேட்டையில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள்; எழுதிக் காட்டினால் முழிப்பார்கள். இவர்களுக்காக ஞாயிறு வகுப்புக்கு நான் தயாரிக்கும் தாள்களில் மெய் கறுப்பிலும், கொம்பு, துணைக்கால் முதலிய குறிகள் சிவப்பிலும் இருக்கும். கன்னடத்தில் குறி பெரும்பாலும் மெய்யோடு ஒட்டி உருமாறிவிடுகிறது. தமிழில் பல குறிகள் தனியே நிற்கின்றன. அந்த வசதியை விடுவானேன்?

ஆனால் என் கணினியில் ஒழுங்காகத் தெரியும் 'கெ' வேறொரு மென்பொருளில் குலைந்துபோகிறது. சிவப்புக் கொம்பு மெய்க்குப் பின்னால் போய், புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. "சார், இந்த வட்டம் என்ன எழுத்து?" என்று ஒரு பெண் கேட்டாள். 247இல் அது இல்லையம்மா என்றேன். வேறென்ன சொல்ல?

காரணம் இதுதான். யூனிகோடு முறையில் 'க' முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பை முன்னே கொண்டுவந்து கோத்துத் தருவது மென்பொருளின் வேலை. சில மென்பொருள்கள் நிறம் மாறுகிற இடத்தில் சொல்லை வெட்டி, துண்டு துண்டாகக் கோக்கின்றன. மெய்யைப் பிரிந்த கொம்பு அநாதையாகிறது. "இங்கே ஒரு மெய் வேண்டும்" என்பதற்கு அடையாளமே அந்த வட்டம். சொல்லை முழுதாகக் கோத்துவிட்டு அப்புறம் வண்ணம் பூசினால் இந்தத் தொல்லையே இல்லை. அப்படிச் செய்கிற மென்பொருள்களும் இருக்கின்றன. ஆகவே இதை முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

பழைய அச்சுக்கோப்பாளர் கொம்பைத்தான் முதலில் எடுப்பார், பிறகு 'க'வை. தங்கவயலில் சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை வெளியிட்ட ஈய எழுத்துக் காலத்து வழக்கம் அது. 1990களில் வந்த டிஸ்கி, 1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த டாப் முதலிய முறைகளும் கண்ணுக்குத் தெரியும் அதே வரிசையில் எழுத்தைச் சேமித்தன. வேடிக்கை என்னவென்றால், அவற்றில் கொம்புக்குச் சிவப்புப் பூசுவது வெகு சுலபம். கொம்பு தனி எழுத்தாகவே இருந்தது. ஆனால் உரிய எழுத்துரு இல்லாத கணினியில் கட்டுரை முழுவதும் கிறுக்கலாகிவிடும். யூனிகோடு அந்தக் கிறுக்கலை ஒழித்தது. சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய உபகாரம். வண்ணத்தைத்தான் அந்தந்த மென்பொருளின் தயவுக்கு விட்டுவிட்டது.

எழுத்துருவிலும் இதே கதைதான். வெறும் உரைக் கோப்பில் எழுத்துருவும் கிடையாது, நிறமும் கிடையாது. திறக்கிற கணினி தன்னிடம் உள்ள சட்டையை மாட்டிவிடுகிறது. விண்டோஸ் 2000இல் லதா வந்தது, 2012இல் விண்டோஸ் 8உடன் நிர்மலா. ஆப்பிளில் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி இருக்கிறது. பெரியவர்கள் எதிலும் படித்துவிடுவோம். எழுத்தையே இப்போதுதான் பார்க்கும் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் புது எழுத்து.

பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றது. அதனால் 'லை', 'னை' ஆகியவற்றில் குறி பிரிந்து நிற்கிறது, சிவப்பும் பூச முடிகிறது. உகர வரிசையை அது தொடவில்லை. 'கு', 'சு', 'மு' எழுத்துருவிலேயே ஒற்றை வார்ப்பு. குறிக்கு மட்டும் நிறம் கேட்டால் எழுத்து முழுதும் ஒரே நிறமாகும், இல்லையென்றால் பிய்ந்துபோய் மறுபடியும் அந்த வட்டம். இதில் மென்பொருளை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

வண்ணத்தால் எதிர்பாராத ஒரு பயனும் உண்டு. 'கௌதமர்' என்பதை 'கெளதமர்' என்று, கொம்பும் 'க'வும் 'ள'வும் போட்டுத் தட்டச்சு செய்பவர்கள் ஏராளம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. குறிகளுக்குச் சிவப்புப் பூசினால் திருட்டு வெளிப்படும்: சரியான 'கௌ'வில் பின்னால் வரும் 'ள' வடிவமும் சிவக்கும், தவறானதில் அது கறுப்பாகவே நிற்கும். புத்தர் பெயர் இத்தனை வீடுகளில் புழங்கும் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல.

இப்போதெல்லாம் தாள்களைப் பிடிஎஃப் ஆக்கித்தான் வெளியே கொடுக்கிறேன். எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடுவதால் கொம்பு இடம் மாறுவதில்லை. ஆனால் அந்தத் தாளில் பிள்ளை 'கெ'வை அழித்து 'கே' என்று தட்டிப் பார்க்க வழியில்லை.