மிச்சப்பட்ட நிலக்கரி எங்கே போயிற்று?

எரிபொருள் ஆராய்ச்சி பற்றிய அறிக்கைகளைப் படித்திருந்தால் ஒரு செய்தி உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கரியைக் கழுவிச் சாம்பலைக் குறைக்கும் முறையாகட்டும், மாவாகப் பொடித்து உலைக்குள் ஊதி எரிக்கும் முறையாகட்டும், நீராவியின் அழுத்தத்தை உயர்த்தும் புதிய கொதிகலனாகட்டும், முடிவில் ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் டன் நிலக்கரி மிச்சமாகும் என்று ஒரு கணக்கு வரும். அக்கணக்கு பொய்யன்று, அளந்து பார்த்துச் சொன்னதுதான். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இப்படி மிச்சப்படுத்தி வந்த கரியெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். 2024ஆம் ஆண்டில் உலகம் எரித்த நிலக்கரி, அதற்கு முந்தைய எந்த ஆண்டையும்விட அதிகம். இந்தியச் சுரங்கங்களின் உற்பத்தி 2024-25இல் 100 கோடி டன்னைத் தாண்டியது.

இக்கேள்வியை முறையாக எழுப்பி விடை தேடியவர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர். 1865இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரே ‘நிலக்கரி வினா’ என்பதுதான். அப்போது அவருக்கு வயது 29. பொருளாதார அறிஞர் என்றே அவரை இன்று அறிகிறோம். ஆனால் அவர் இலண்டனில் வேதியியல் பயின்றவர். சிட்னி நாணயச்சாலையில் பொன்னின் மாற்றுப் பார்க்கும் பணியில் ஐந்தாண்டு இருந்தவர். ஆஸ்திரேலியாவின் தட்பவெப்ப நிலையை நாள்தோறும் அளந்து குறித்தவர். அவருடைய தந்தை லிவர்பூலில் இரும்பு வணிகர். ஆகவே இரும்பு, கரி, அளவை ஆகிய மூன்றும் அவருக்குக் கைவந்தவை. இந்நூல் வெளிவந்த மறு ஆண்டே ஜான் ஸ்டூவர்ட் மில் அதை நாடாளுமன்றத்தில் எடுத்துப் பேசினார். நிலக்கரி இருப்பை ஆராய ஓர் அரசுக் குழுவும் அமைந்தது. அறிவியல் மாணவர் இந்நூலைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் இன்று பலர் இதை மேற்கோள் காட்டும் விதத்தில் படிக்கலாகாது. ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

நூலின் உயிர் ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது. எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தினால் மொத்தச் செலவு குறையும் என்று நினைப்பது குழப்பம். உண்மை அதற்கு நேர்மாறானது என்கிறார் ஜெவன்ஸ். முதலில் கேட்கும்போது இது வீம்புப் பேச்சாகத் தோன்றும். அவர் தரும் சான்றுகளைப் பார்ப்போம்.

நியூகோமன் 1712இல் நிறுவிய நீராவி எஞ்சின் சுரங்க நீரை இறைத்தது. அது கரியை வாரி விழுங்கியது. சுரங்க வாயிலிலேயே, விலைபோகாத பொடிக்கரி குவிந்து கிடந்த இடங்களில் மட்டுமே அதை ஓட்டக் கட்டுபடியாயிற்று. அதற்கும் முந்தியது சேவரியின் எஞ்சின். அது அளவுக்கு மீறிக் கரி தின்றதால்தான் நாட்டில் அதற்காகக் கரியே செலவாகவில்லை என்று ஜெவன்ஸ் வேடிக்கையாகக் குறிப்பிடுகிறார். வேடிக்கை என்றாலும் வாதம் முழுவதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. எவரும் வாங்காத எஞ்சின் எதையும் எரிக்காது அல்லவா?

இங்கே மாணவர்கள் ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். அக்காலத்தில் எஞ்சின்களின் திறமையை, ஒரு புஷல் கரியை எரித்து எத்தனை அடி-பவுண்டு வேலை பெறலாம் என்று அளந்தார்கள். கார்ன்வாலில் ஒரு புஷல் என்பது 94 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 42.6 கிலோகிராம். நல்ல கரி கிலோவுக்கு 7,500 கிலோகலோரி தரும் என்று கொண்டால், ஒரு புஷலில் அடங்கிய வெப்பம் ஏறத்தாழ 134 கோடி ஜூல். நியூகோமன் எஞ்சின் செய்த வேலை சுமார் 50 இலட்சம் அடி-பவுண்டு; இது 68 இலட்சம் ஜூல். பயனுறுதிறன் அரை விழுக்காடுதான்! வாட் 1769இல் தனிக் குளிர்விப்பானுக்குக் காப்புரிமை பெற்ற பின் இந்த எண் பன்மடங்கு உயர்ந்தது. 1835இல் கார்ன்வாலின் ஃபோவி கன்சால்ஸ் சுரங்கத்தில் நடந்த சோதனையில் 12.5 கோடி அடி-பவுண்டு கிடைத்தது. கணக்கிட்டுப் பாருங்கள், 12 விழுக்காட்டுக்கு மேல் வரும். நூற்றிருபது ஆண்டுகளில் இருபத்தைந்து மடங்கு முன்னேற்றம்.

பிரிட்டனின் கரிச் செலவு இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைந்ததா? இல்லை. எஞ்சின் சுரங்க வாயிலை விட்டு வெளியே வந்தது. பருத்தி ஆலைக்குப் போயிற்று, கப்பலில் ஏறிற்று, தண்டவாளத்தில் ஓடிற்று. கரி கிடைக்காத கார்ன்வாலுக்குக் கடல் வழியே கரியைக் கொண்டுவந்து எரித்தாலும் கட்டுபடியாகும் நிலை வந்தது. ஆழ்ந்த சுரங்கங்களிலிருந்தும் நீரை இறைக்க முடிந்ததால், எட்டாதிருந்த கரியும் எட்டியது.

இரும்பு உலையின் கதை இதைவிடத் தெளிவானது. நீல்சன் 1828இல் ஊதுகாற்றைச் சூடாக்கி உலைக்குள் செலுத்தும் முறையைக் கண்டார். அதன்பின் ஸ்காட்லாந்தில் ஒரு டன் இரும்புக்குத் தேவையான கரி முன்னிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஆனால் 1830க்கும் 1863க்கும் இடையில் அந்நாட்டு இரும்புத் தொழிலின் மொத்தக் கரிச் செலவு பத்து மடங்காயிற்று என்று ஜெவன்ஸ் காட்டுகிறார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: டன்னுக்கு மூன்றில் ஒரு பங்கு, மொத்தத்தில் பத்து மடங்கு என்றால், இரும்பு உற்பத்தி முப்பது மடங்காகியிருக்க வேண்டும். ஆகியுமிருந்தது.

இதுவரை ஜெவன்ஸோடு எனக்கு வழக்கில்லை. வழக்கு இனிமேல்தான்.

முப்பது மடங்குக்கும் சூடான காற்றே காரணமா? அதே ஆண்டுகளில்தான் இரயில் பாதைகள் நாடெங்கும் பரவின. தண்டவாளத்துக்கு இரும்பு வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தில் கரிப்படிவங்களோடு கலந்தே கிடைத்த ஒரு வகை இரும்புத்தாதுவை உருக்குவதும் நீல்சனின் முறையால் எளிதாயிற்று. கரிச் சிக்கனம் இவற்றில் ஒரு காரணம், பெரிய காரணமும்கூட. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவற்றை ஒன்றினால் மற்றொன்று நடந்ததாக ஜெவன்ஸ் எழுதிவிடுகிறார். நம் சோதனைச் சாலையில் ஒரு மாணவர் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் ஒருசேர மாற்றிவிட்டு, கன அளவு மாறியதற்கு அழுத்தமே காரணம் என்று எழுதினால் மதிப்பெண் கொடுப்போமா?

மற்றொரு குறை இதைவிட முக்கியமானது. சிக்கனம் செலவைப் பெருக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அப்பண்டத்துக்கு நிறைவுறாத தேவை காத்திருக்க வேண்டும். வீட்டில் பிரஷர் குக்கர் வாங்கினோம். எரிபொருள் செலவு குறைந்தது. அதற்காக யாரும் நாளைக்கு நான்கு படி அரிசி பொங்கவில்லை. வயிற்றுக்கு ஓர் அளவு இருக்கிறது. 1830இன் இரும்புக்கும் நீராவி ஆற்றலுக்கும் அப்படி ஓர் அளவு இல்லை. உலகமே அவற்றுக்காக வாய் திறந்து காத்திருந்தது. இந்த வேறுபாட்டை ஜெவன்ஸ் போதிய அளவு வற்புறுத்தவில்லை. அதன் விளைவாக, ‘ஜெவன்ஸ் முரண்’ என்று பெயர் சூட்டி, பயனுறுதிறனை உயர்த்தும் ஆராய்ச்சி எல்லாமே வீண் என்று சாதிப்பவர்கள் இன்று கிளம்பியிருக்கிறார்கள். அவர்கள் ஏழாம் அத்தியாயத்தையும் முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை.

நேர்மையாக அவர் சார்பிலும் ஒன்று சொல்ல வேண்டும். 1961இல் பிரிட்டன் 260.7 கோடி டன் கரி எரிக்கும் என்று ஜெவன்ஸ் ஆருடம் சொல்லித் தோற்றார் என்று சிலர் எழுதுகிறார்கள். இது அநியாயம். 1861இன் 8.36 கோடி டன்னை ஆண்டுக்கு 3.5 விழுக்காடு வீதம் நூறாண்டு வளர்த்தால் அந்த எண் வரும் என்றுதான் அவர் காட்டினார். 110 ஆண்டுகளின் கூட்டுத் தொகை 10,270 கோடி டன். 4,000 அடி ஆழம்வரை நாட்டில் இருந்ததாக நிலவியலார் ஹல் மதிப்பிட்டதோ 8,300 கோடிக்குச் சற்று மேல். ஆகவே இவ்வளர்ச்சி நீடிக்கவே முடியாது என்பதே அவருடைய முடிவு. ஜியோமிதியில் ஒன்றை உண்மையெனக் கொண்டு முரணுக்கு வந்து மறுப்போமே, அந்த முறைதான் இது.

உண்மையில் அவர் தோற்ற இடம் எட்டாம் அத்தியாயம். கரிக்கு மாற்று உண்டா என்பதை அங்கே ஆராய்கிறார். காற்று நிலையற்றது, பெட்ரோலியத்தின் இருப்புக் குறைவானது, நிச்சயமற்றது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுகிறார். பென்சில்வேனியாவில் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டி அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை நினைத்தால் மன்னிக்கலாம். ஆனாலும் கரியில்லாத பிரிட்டனை அவரால் கற்பனை செய்யவே முடியவில்லை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

நடந்தது என்ன? இலண்டன் ஹால்பார்ன் வயடக்டில் எடிசனின் நிறுவனம் கரியால் இயங்கும் மின்நிலையத்தை 1882இல் தொடங்கிற்று. (ஜெவன்ஸ் கடலில் குளிக்கும்போது மூழ்கி இறந்ததும் அதே ஆண்டில்தான், அவருக்கு வயது 46.) 2012இல்கூடப் பிரிட்டனின் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு கரியிலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30ஆம் நாள் ராட்கிளிஃப் நிலையம் மூடப்பட்டதோடு அது சுழியமாயிற்று. இறக்கியது எது என்பதைக் கவனியுங்கள். மேலான கொதிகலன் இறக்கவில்லை. வடகடல் எரிவாயு, காற்றாலைகள், கார்பன் வெளியீட்டின் மீது விதித்த கட்டணம் ஆகியவையே இறக்கின. கரி தீர்ந்துபோய் விடவுமில்லை. எரிக்கப்படாமல் மண்ணுக்கடியில் கிடக்கிறது. ஆகவே ஏழாம் அத்தியாயத்துக்குப் பிரிட்டனின் வரலாறு பெருமளவு சாட்சி சொல்கிறது. எட்டாம் அத்தியாயத்தை அதே வரலாறு பொய்யாக்குகிறது.

இன்னொன்றும் இந்நூலில் இல்லை. 1859இல் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் டிண்டால், நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக் கதிர்களை உட்கவர்வதை அளந்து காட்டினார். அதை நிலக்கரிப் புகையோடு சேர்த்துக் கணக்கிட அரீனியஸ் 1896இல் வரவேண்டியிருந்தது. எனவே ஜெவன்ஸைக் குறை கூற முடியாது. ஆனால் இன்று படிக்கும் நீங்கள் அவருடைய ஒவ்வோர் அட்டவணைக்கும் பக்கத்தில் மற்றொரு பத்தியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஒரு டன் கார்பன் எரிந்தால் 3.67 டன் கரியமில வாயு. அவர் தரையில் எவ்வளவு மீதி என்று அஞ்சினார். நமக்கு வானத்தில் எவ்வளவு இடம் மீதி என்பதே கணக்கு.

நமக்கு அருகில் உள்ள நெய்வேலியையும் இந்த நூலோடு வைத்துப் பார்க்கலாம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி நீர். ஒரு கிலோ கரியில் அரைக் கிலோ நீர் என்றால், அதைச் சூடாக்கி ஆவியாக்க மட்டும் 300 கிலோகலோரிக்கு மேல் போய்விடும். அந்தக் கரி தரும் மொத்த வெப்பமே 2,600 கிலோகலோரி அளவில்தான். புகைபோக்கி வழியே வீணாகும் வெப்பத்தைக் கொண்டு கரியை முன்கூட்டியே உலர்த்துவது பற்றிய ஆராய்ச்சி ஏன் தேவை என்பது இதிலிருந்தே விளங்கும். ஆனால் 1962இல் இயங்கத் தொடங்கிய பழைய 600 மெகாவாட் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றபோது, அதற்கு மாற்றாக எழுந்த திறன் மிக்க புதிய நிலையம் 600 மெகாவாட் அன்று, 1,000 மெகாவாட். இரண்டும் ஒரே அளவு நேரம் முழுச் சுமையில் ஓடுவதாகக் கொண்டால், யூனிட்டுக்கான கரி 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால்தான் மொத்தச் செலவு குறையும். கொதிகலன் மாற்றத்தால் மட்டும் அவ்வளவு குறைப்பது அரிது. இதை ஜெவன்ஸ் கண்டால் மகிழ்ந்திருப்பார். ஆனால் மின்தேவை எப்படியும் வளர்ந்திருக்கும் என்பதால், ஸ்காட்லாந்துக் கதையில் நாம் எழுப்பிய ஆட்சேபம் இங்கும் பொருந்தும்.

எனவே ஆராய்ச்சி அறிக்கையில் ‘மிச்சமாகும்’ என்ற சொல்லைக் காணும்போது, ஒரு யூனிட்டுக்கா, மொத்தத்துக்கா என்று கேளுங்கள். முதலாவதை ஆய்வுக்கூடம் உறுதி செய்யும். இரண்டாவதை ஆய்வுக்கூடத்தால் உறுதி செய்ய இயலாது. அது விலை, வரி, மாற்று எரிபொருள், அரசின் முடிவு ஆகியவற்றின் கையில் இருக்கிறது.

நூலின் நடை கடினமன்று. ஆனால் ஆங்கிலேயப் பேரரசின் எதிர்காலம் பற்றிய பக்கங்கள் நமக்குச் சலிப்பூட்டும். அவற்றைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம். ஏழாம் அத்தியாயத்தில் தொடங்குங்கள். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, 1861இன் 8.36 கோடி டன்னுக்கு எதிரே, பிரிட்டனின் உற்பத்தி உச்சத்தைத் தொட்ட 1913இன் 28.7 கோடி டன்னை எழுதி வளர்ச்சி வீதத்தைக் காணுங்கள். 3.5 வராது; 2.4 விழுக்காடுதான் வரும். இரட்டிப்பாக எடுக்கும் காலம் 20 ஆண்டுகளிலிருந்து 29 ஆண்டுகளாக நீள்கிறது. வளர்ச்சி முடிவில்லாமல் தொடராது என்று ஜெவன்ஸ் சொன்ன தளர்ச்சி, எண்களில் அப்போதே தொடங்கிவிட்டது.