யோபுவின் தூதனும் அக்சாய்ச் சிறுவர்களும்

போரில் அகப்பட்ட பிள்ளைகளைப் பற்றி இளம் வாசகர்க்கென எழுதப்படும் வரலாற்றுப் புதினங்கள் பெரும்பாலும் யோபு ஆகமத்தின் நாற்பத்திரண்டாம் அதிகாரத்தை நோக்கியே விரைகின்றன. இழந்தவை திரும்புகின்றன, பிரிந்தோர் கூடுகின்றனர். இயன் செரெய்லியர் 1956இல் வெளியிட்ட 'வெள்ளி வாள்' இதற்குத் தக்க சான்று. வார்சா நகரின் இடிபாடுகளிலிருந்து புறப்படும் பிள்ளைகள் முடிவில் சுவிட்சர்லாந்தில் பெற்றோரைக் கண்டடைகின்றனர். நல்ல நூல்தான். ஆயினும் பெற்றோரைக் கண்டடையாத பிள்ளையின் கையில் அதைக் கொடுக்குமுன் போதகர் சற்றுத் தயங்குவது நலம்.

கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1975இல் வெளியிட்ட குறும்புதினம் வேறு வழியிற் செல்கிறது. 'முந்தி வந்த கொக்குகள்' என்பது அதன் தலைப்பின் பொருள். நெய்வேலி வாசகர்க்கு இவர் அந்நியர் அல்லர். இங்குள்ள முதல் அனல்மின் நிலையம் சோவியத்து ஒத்துழைப்பினால் எழுந்து 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்நாட்டில் அச்சான தமிழ் நூல்களும் மலிவு விலையில் தமிழகமெங்கும் கிடைத்துவந்தன. இவருடைய 'ஜமீலா'வைத் தமிழில் படித்தோர் நம் சபைகளில் இன்றும் உள்ளனர்.

இக்கதையில் போர்க்களம் காட்டப்படுவதில்லை. ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிட்டனர், உழுவதற்கு ஆளில்லை. காயமுற்றுத் திரும்பிய கூட்டுப்பண்ணைத் தலைவர் பள்ளிக்கு வந்து, சுல்தான்முராத் முதலிய சிறுவர்களிடம் மெலிந்த குதிரைகளை ஒப்படைக்கிறார். பிள்ளைகள் அவற்றைத் தேற்றி, தொலைவிலுள்ள அக்சாய் வெளியில் உழத் தொடங்குகின்றனர். பருவத்திற்கு முன்னே கொக்குகள் வருகின்றன. நல்ல விளைச்சலுக்கு அறிகுறி என மகிழ்கின்றனர். அதன்பின் ஓரிரவில் திருடர் வந்து ஏர்க்குதிரைகளைக் கொண்டுபோகின்றனர். ஜெர்மானியர் அல்லர், உள்நாட்டார்! துரத்திச் சென்ற சுல்தான்முராத்தின் குதிரை சுடப்படுகிறது. இரத்த வாடைக்கு ஓநாய் வருகிறது. சிறுவன் கடிவாளத்தை ஓங்கியபடி நிற்கிறான். கதை அங்கே நின்றுவிடுகிறது.

நூலின் முகப்பில் ஆசிரியர் இரண்டு மேற்கோள்களை வைத்துள்ளார். ஒன்று பௌத்தரின் தேரகாதையிலிருந்து எடுத்தது, உழவைப் பற்றியது. மற்றொன்று யோபு முதலாம் அதிகாரம்: உழுதுகொண்டிருந்த எருதுகளைச் சபேயர் கொண்டுபோயினர் என்று தப்பிவந்த தூதன் அறிவிக்கும் இடம். நாத்திக அரசின் கீழ் வெளிவந்த நூலில் இது அழகுக்காகச் சேர்த்ததன்று. கதையே அவ்வசனங்களின் விரிவுரையாக அமைந்துள்ளது. நம் பிரசங்கங்களில் அத்தூதன் ஒரு நொடியில் வந்து மறைகிறான். ஐத்மாத்தவுக்கோ அவனே முக்கியமானவன். பதினான்கு வயதில் கிராம சோவியத்தின் செயலாளராயிருந்து, வீடுவீடாக மரண அறிவிப்புகளைக் கொண்டுசென்றவர் அவர்.

குறை இல்லாமலில்லை. பண்ணைத் தலைவர் பழுதற்ற மனிதராகவே வருகிறார். அரசு செய்த தீங்கு பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆசிரியரின் தந்தை 1938இல் அவ்வரசினாலேயே கொல்லப்பட்டவர். புதைத்த இடம் 1991இல்தான் தெரியவந்தது. 1963இல் வந்த மற்றொரு நூலைத் தந்தைக்குக் காணிக்கையாக்கியபோது, அவருடைய கல்லறையை அறியேன் என்று மட்டும் மகன் எழுத முடிந்தது. இம்மௌனத்தைத் தணிக்கையோடு சேர்த்தே எடைபோடவேண்டும்.

இன்னொரு பகுதியை நம் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் கவனிக்கவேண்டும். கதை தொடங்குவது குளிரில் நடுங்கும் வகுப்பறையில். ஆசிரியை இலங்கையைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். என்றும் வெயில் காயும் அத்தீவைப் பிள்ளைகள் பரதீசாக எண்ணிக்கொள்கின்றனர். 1983க்குப் பின் அத்தீவிலிருந்து தப்பிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் தமிழக முகாம்களிலே பிறந்து வளர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு இக்கதையைச் சொல்லும்போது அப்பகுதியை விட்டுவிடலாம் எனத் தோன்றக்கூடும். நாம் அதற்கு உடன்படோம். பிறர் பரதீசென்று நினைத்த ஊரிலிருந்து வந்தவர்கள் தங்கள் பெற்றோர் என்பது அப்பிள்ளைகள் அறிந்ததே. அதைப் பற்றி அவர்கள் பேசத் தொடங்கினால், ஆசிரியர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்கட்டும்.