சீமைச்சுண்ணாம்பு சொல்லும் வரலாறு

“புவியின் அகவை யாது?” என்று வகுப்பிலே வினவுகிறோம். “ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள்!” என்று நாற்பது குரல்கள் ஒன்றாய் ஒலிக்கின்றன. “அதனை எவ்வாறு அறிந்தனர்?” என்று அடுத்து வினவுகிறோம். அமைதி! இறுதியில் ஒரு மாணவன் எழுந்து, “புத்தகத்தில் போட்டிருக்கிறது, ஐயா” என்கிறான்.

அவன்மீது குற்றமில்லை, குற்றம் நம்முடையது. ஏட்டில் எழுதியிருக்கிறது, எனவே உண்மை என்று தலையசைத்த பழைய வழக்கத்துக்கும் இவ்விடைக்கும் வேற்றுமை யாது? எண் புதிது, வழக்கம் பழையது! காரணம் அறியாது ஏற்கும் அறிவியலும் குருட்டு நம்பிக்கையே அன்றோ?

இக்குறைக்கு மருந்து தேடும் ஆசிரியர் படிக்கத்தக்க சொற்பொழிவு ஒன்று உண்டு. 1868ஆம் ஆண்டு, இங்கிலாந்து நாட்டு நார்விச் நகரில், தொழிலாளர் கூட்டத்தின் முன்னே தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி நிகழ்த்திய ‘ஒரு சுண்ணக்கட்டியைப் பற்றி’ என்பதே அது. டார்வினின் கொள்கைக்காக அஞ்சாது வாதாடிய அதே ஹக்ஸ்லிதான். கேட்க வந்தோர் கல்லூரி கண்டவரல்லர். தச்சரும் கைவினைஞரும் ஆவர். அவர்களிடம் ஹக்ஸ்லி எதனைக் கொண்டு தொடங்கினார்? விண்மீனைக் கொண்டா? வேதத்தைக் கொண்டா? இல்லை. நார்விச் மண்ணில் கிணறு தோண்டினால் எதிர்ப்படும் வெண்பாறையை, தச்சன் தன் காற்சட்டைப் பையில் வைத்திருக்கும் சீமைச்சுண்ணாம்பைக் கொண்டு தொடங்கினார். கேட்பவன் கையில் உள்ள பொருளே பாடமாயிற்று!

அதன்பின் அவர் நடத்தும் முறையைக் காண்க. சீமைச்சுண்ணாம்பைச் சுட்டால் வளி நீங்கிச் சுண்ணாம்பு எஞ்சும். மெல்லிய துண்டாய்ச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், குளோபிஜெரினா என்னும் சிற்றுயிரின் கூடுகள் தோன்றும். அவை எங்கிருந்து வந்தன? 1857ஆம் ஆண்டு, கடலடித் தந்திக் கம்பி இடுவதற்காக அட்லாண்டிக்கின் ஆழத்தை அளந்த ‘சைக்கிளாப்ஸ்’ கப்பல் அள்ளி வந்த சேற்றிலும் அதே கூடுகள்! எனவே, இன்று மேடாய் நிற்கும் பாறை அன்று கடலடிச் சேறு என்ற முடிவை ஹக்ஸ்லி உரைக்குமுன்னே கேட்பவன் உள்ளம் உரைத்துவிடுகிறது.

அச்சேறு படிய எத்துணைக் காலம் ஆயிற்று? இங்கேதான் ஆசிரியத் திறன் மிளிர்கிறது. பாறையுள் கிடக்கும் கடல் முள்ளெலி ஒன்றைக் காட்டுகிறார். அது இறந்தது, முட்கள் உதிர்ந்தன, வெற்றோட்டின்மேல் கிரேனியா என்னும் இருதோட்டுச் சிப்பி ஒட்டி வளர்ந்தது, அதுவும் இறந்து, மேல்தோடு கழன்றது. இவையெல்லாம் நடந்து முடியும் வரை அந்தச் சிறு ஓட்டை மூடும் அளவுக்குக்கூடச் சேறு படியவில்லை! ஆயிரம் அடிக்கு மேற்பட்ட பாறை ஒரு வெள்ளத்தில் குவிந்தது என்பார்க்கு இதனினும் நல்ல மறுப்பு உண்டோ?

ஆயினும், புகழ்வதோடு நின்றால் திறனாய்வு ஆகாது. குறைகளும் உள. காலம் நெடிது என்று காட்டிய ஹக்ஸ்லியால் அதனை ஆண்டுக் கணக்கில் கூற இயலவில்லை. கதிரியக்கம் 1896இல் கண்டறியப்பட்ட பின்னரே பாறைக்குள் கடிகாரம் உண்டென்பது புலனாயிற்று. விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து, 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் நிறுவியவர் கிளேர் பேட்டர்சன். மற்றொன்று, ஹக்ஸ்லி குளோபிஜெரினாவுக்கே முதன்மை தந்தார். அந்த வெண்மாவின் பெரும்பகுதி நுண்பாசிகள் உதிர்த்த சுண்ணத் தகடுகள் என்பதை இன்று அறிவோம்.

இவற்றினும் பெரிய பிழை ஒன்றுண்டு. அதே 1868இல், அதே கடற்சேற்றில், உயிரின் முதற்கூழைக் கண்டதாக எண்ணி அதற்குப் பாத்திபியஸ் என்று பெயரிட்டார் அவர். 1875இல் ‘சாலஞ்சர்’ கப்பலின் வேதியியலார் உண்மையை உடைத்தனர்: அது உயிரன்று, சேற்றைக் காக்க ஊற்றிய சாராயம் கடல்நீரோடு கலந்ததால் படிந்த கால்சியம் சல்பேட்டு! ஹக்ஸ்லி என்ன செய்தார்? மறைத்தாரா? மழுப்பினாரா? பிழையை ஒப்புக்கொண்டார். தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் துணிவே அறிவியலின் பெருமை. இதனையும் மாணவர்க்குச் சொல்லியாக வேண்டும்.

இனி, நம் வகுப்பறைக்கு வருவோம். நாம் நாள்தோறும் கையில் ஏந்தும் ‘சாக்பீஸ்’ இன்று பெரும்பாலும் ஜிப்சத்தால் ஆனது. ஹக்ஸ்லியை ஏமாற்றிய கால்சியம் சல்பேட்டின் இனம்தான்! முட்டையோட்டின்மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் குமிழ்கள் எழும். ஜிப்சக் கட்டியின்மேல் பிழிந்தால் எழா. இச்சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டுமா? அரசாணை வேண்டுமா? ஓர் எலுமிச்சம்பழம் போதும்.

சீமைச்சுண்ணாம்பின் பெயராலேயே கிரிடேசியஸ் என்று ஓர் ஊழி அழைக்கப்படுகிறது. அவ்வூழியில் கடல் கொண்டிருந்த நிலம் நம் அரியலூர். சிமிட்டி ஆலைக்கு அங்கே வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் கடற்சிப்பிகள் கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. தென்னாட்டுப் புதைபடிவங்களை இலண்டனில் இருந்த எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இலேயே எழுதினார். கடல் கடந்தோர் கண்ட சான்றை, கல் வெட்டுவோர் வீட்டுப் பிள்ளை காணாதிருப்பதா? நார்விச் தச்சனுக்குக் கிடைத்த பேறு நம் பிள்ளைக்குக் கிட்டலாகாதா?

460 கோடி என்னும் எண்ணை மனப்பாடம் செய்தவன் தேர்வில் வெல்வான். ஒரு சிப்பியைக் கையில் வைத்து, “இது இங்கு எப்படி வந்தது?” என்று கேட்கக் கற்றவன் வாழ்நாள் முழுதும் ஏமாறான். அடுத்த முறை வகுப்புக்குள் நுழையும்போது நூலை மேசைமேல் வைப்போம். கல்லை மாணவன் கையில் கொடுப்போம். வினா அவனிடமிருந்து எழட்டும்!