பலபொருள் ஒருசொல்லும் மொழிபெயர்ப்பும்: வாழ்விடச் சட்டச் சொற்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

ஆங்கிலத்தில் ஒரு சொல் பல பொருள் தருமிடத்து அதற்கு நேரான தமிழ்ச் சொல்லைத் தேர்வது மொழிபெயர்ப்பாளர்க்கு நேரும் இடர்ப்பாடுகளுள் முதன்மையானது. ஆங்கிலச் சொல்லின் பொருள்களுள் எது பொருந்தும் என்பதையே அறிஞர் பெரிதும் ஆராய்ந்துள்ளனர். தேர்ந்த தமிழ்ச் சொல்லும் பலபொருள் ஒருசொல்லாய் அமையுங்கால் நேர்வது யாது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. மும்பைத் தமிழர் வாழ்விடங்களோடு தொடர்புடைய இரு சொற்களைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கண அடிப்படை

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை வினைவேறுபடுவது, வினைவேறுபடாதது என இரண்டாகப் பகுப்பார். முன்னதன் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் விளங்கும். 'மா பூத்தது' எனின் மரம் என்பது தெளிவு. 'மா வீழ்ந்தது' எனின் மரமோ விலங்கோ என்னும் ஐயம் நீங்காது. அத்தகைய இடத்தில் கூறுவோன் பொருளை வெளிப்படக் கிளந்து சொல்ல வேண்டும் என்பது இலக்கண நெறி. இந்நெறி மொழிபெயர்ப்பிற்கும் பொருந்தும்.

மும்பை மாட்டுங்காவை அடுத்த கிங்ஸ் சர்க்கிள் என்னும் இடப்பெயரை நோக்குக. அங்குள்ள பூங்காவிற்கு மகேஸ்வரி உத்யான் என்னும் பெயர் வழங்கினும், மக்கள் வழக்கில் பழம்பெயரே நிற்கிறது. தமிழர் அதனை மொழிபெயர்க்காது ஒலிபெயர்த்தே வழங்குகின்றனர். அதே 'சர்க்கிள்' அஞ்சல் துறையில் 'வட்டம்' ஆகிறது. இலக்கிய அன்பர் கூடுமிடத்து 'வாசகர் வட்டம்' ஆகிறது. தமிழக வருவாய்த் துறையிலோ 'வட்டம்' என்பது தாலுகாவைக் குறிக்கும். ஆயினும் இங்கெல்லாம் குழப்பமில்லை. இனமும் சார்பும் பொருளை விளக்கிவிடுகின்றன.

'கிளியரன்ஸ்': அகற்றலும் மாற்றலும்

'கிளியரன்ஸ்' என்னும் சொல்லின் நிலை வேறு. கிங்ஸ் சர்க்கிள் இருப்புப்பாதைப் பாலத்தின் கீழ் உயரமான சரக்குந்துகள் சிக்கிக்கொள்வது பலமுறை செய்தியானது. அங்கே இச்சொல் பாலத்திற்கும் வண்டிக்கும் இடையிலுள்ள வெளியைக் குறிக்கும். சுற்றுச்சூழல் துறையில் இசைவு, சுங்கத்தில் விடுவிப்பு. அப்பாலத்திற்குச் சிறிது தொலைவிலுள்ள தாராவியிலோ அது குடியிருப்பை அகற்றுதலைக் குறிக்கும் சட்டச் சொல்.

1971ஆம் ஆண்டின் மகாராட்டிரச் சட்டம் இதனை மராத்தியில் 'நிர்மூலன்' என்று பெயர்த்தது. வேரறுத்தல் என்னும் பொருளை அச்சொல் மறைக்கவில்லை. தமிழகத்திலோ 1970இல் ஆங்கிலத்தில் 'ஸ்லம் கிளியரன்ஸ் போர்டு' எனப்பட்ட அமைப்பு 'குடிசை மாற்று வாரியம்' ஆயிற்று. இப்பெயரில் இரு தேர்வுகள் உள்ளன.

முதலாவது, 'ஸ்லம்' என்பதற்குச் 'சேரி' கொள்ளப்படவில்லை. பழைய இலக்கியங்களில் பலரும் சேர்ந்து வாழும் இடத்தைக் குறித்த அச்சொல் பிற்காலத்தில் சாதிச் சார்பு பெற்றமையால், அதனை விலக்கியது தக்கதே. ஆயினும் 'ஸ்லம்' இடத்தைச் சுட்டும். 'குடிசை' வீட்டைச் சுட்டும். மராத்தியின் 'ஜோப்படபட்டி' குடிசையோடு 'பட்டி' என்னும் நிலப்பகுதியையும் சேர்த்துக் காட்டுகிறது. தமிழ்ப் பெயரில் நிலம் மறைந்தது.

இரண்டாவது, 'மாற்று' என்னும் சொல். குடிசையைக் கல்வீடாக மாற்றுதல் என்னும் அருள்நோக்கு இதில் உண்டு. 'அகற்று' என்பதினும் இது மேம்பட்டதே. ஆனால் ஒன்றை வேறொன்றாக ஆக்குதலும் மாற்றுதல். ஓரிடத்தினின்று வேறிடத்திற்குப் பெயர்த்தலும் மாற்றுதல். 'குடிசை மாற்று' என்னும் தொடரில் இரு பொருளும் தடையின்றி நிற்கும். அஃது வினைவேறுபடாப் பலபொருள் ஒருசொல். தொடக்கத்தில் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி எழுப்பிய வாரியம், 2000க்குப் பின் சென்னை மக்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனத் தொலைவிடங்களிலும் குடியேற்றியது. கொள்கை மாறியபோதும் பெயர் மாறவேண்டிய தேவை எழவில்லை. இரு செயலுக்கும் அச்சொல் இடங்கொடுத்தது. 2021இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' எனப் பெயர் மாறியபோது அகற்றற் பொருள் ஆங்கிலப் பெயரினின்றும் நீங்கியது. ஆயினும் மேம்படுவது எவ்விடத்து வாழ்விடம் என்னும் ஐயம் நீங்கவில்லை.

'எலிஜிபிள்': தகுதியும் தேதியும்

தாராவி மறுசீரமைப்பில் 2000 சனவரி 1 வரை தரைத்தள வீடுகளில் குடியிருந்தோர்க்கே தாராவியிலேயே 350 சதுர அடி வீடு கட்டணமின்றி உண்டு. இவ்வரையறைக்கு உட்பட்டோர் 'எலிஜிபிள்' எனப்படுவர். மராத்திப் பட்டியல்களில் 'பாத்ர', 'அபாத்ர' என்னும் சொற்கள் வழங்கும். தமிழில் 'தகுதியுள்ளோர்', 'தகுதியற்றோர்' என எழுதுவது இயல்பு.

இங்குச் சிக்கல் தமிழ்ச் சொல்லிலேயே உள்ளது. தகுதி என்பது சிறப்பு, ஆற்றல், பொருத்தம் எனப் பல பொருள் தரும். நடுவு நிலைமை அதிகாரத்தின் முதற்குறளில் அச்சொல்லுக்கு நடுவுநிலைமை என்றே பரிமேலழகர் உரை கொள்வார். இத்துணை அறச்சுமை உடைய சொல்லை எதிர்மறையாக்கி ஒருவர் பெயரோடு சேர்க்குமிடத்து, ஆவணத்தின் குறை ஆளின் குறையாகத் தோன்றுகிறது. ஆங்கிலச் சொல் குறித்தது ஒரு தேதியையும் அதற்குரிய சான்றையுமே. 'குறித்த நாளுக்கு முன் குடியிருந்தமைக்குச் சான்றுடையோர்', 'சான்று ஏற்கப்படாதோர்' எனக் கிளந்து கூறின் தொடர் நீளும், பொருள் நேர்படும். சான்று ஏற்கப்படாதவர் வேறு சான்று தேடலாம், மேல்முறையீடு செய்யலாம். தகுதியற்றவர் எனப்பட்டவர்க்கு அவ்வழி உண்டு என்பதனை அச்சொல் உணர்த்துவதில்லை.

நிறைவுரை

பலபொருட் சொல்லை மொழிபெயர்ப்போர் மூலச் சொல்லின் பொருளை வரையறுப்பதோடு அமைதல் கூடாது. தேர்ந்த தமிழ்ச் சொல் அதே இடத்தில் வேறு எப்பொருள்களுக்கு இடந்தரும் என்பதனையும் ஆராய்தல் வேண்டும். இனமும் சார்பும் துணைநிற்குமிடத்துச் சுருங்கச் சொல்லலாம்; 'வட்டம்' அவ்வகையது. துணைநில்லாவிடத்து, யார், எதனை, எங்கே, எந்நாள் என்பவற்றைத் தொடராகவே விரித்தல் வேண்டும். கலைச்சொல்லாக்கத்தில் சுருக்கம் சிறப்பெனக் கொள்ளப்படுகிறது. வீட்டையும் நிலத்தையும் பற்றிய சட்டச் சொற்களிலோ, கிளந்து கூறல் என்னும் தொல்காப்பிய நெறியே அவற்றால் ஆளப்படும் மக்களுக்குப் பாதுகாப்பாகும்.