சரிவில் நிற்கும் வீடு: கண்டியும் நீலகிரியும்

2020 செப்டெம்பர் 20, ஞாயிறு அதிகாலை. கண்டி பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து பக்கத்து வீட்டின்மேல் விழுந்தது. ஒரு தம்பதியும் அவர்களுடைய கைக்குழந்தையும் இறந்துபோனார்கள். கட்டட விதி என்றால் அது காணிச் சொந்தக்காரருக்கும் மாநகர சபைக்கும் இடையிலான விவகாரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மலை ஊரில் அந்த நினைப்பு செல்லாது. மேலே இருப்பவர் கொட்டும் மண் கீழ் வீட்டின் கூரைக்கு வருகிறது; கீழே இருப்பவர் வெட்டும் மண் மேல் வீட்டின் அத்திவாரத்தைத் தளர்த்துகிறது. அயல்வீட்டுப் பிளான் நமக்கும் உரிய சங்கதி.

கண்டியில் அனிவத்தை, ஹந்தானை, அம்பிட்டியப் பக்கம் நடந்து பார்த்தால் இது விளங்கும். வீதியிலிருந்து பார்க்க ஒரு மாடி வீடு. பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தால் சரிவில் இன்னும் இரண்டு, மூன்று தளங்கள் இறங்கிப் போகும். வாடகைக்கு விடப்படுவது பெரும்பாலும் அந்தக் கீழ்த்தளங்கள்தான். மழைத் தண்ணீர், மலசலகூடக் குழியின் கசிவு, தாங்குசுவரில் ஏறும் மண் அழுத்தம் எல்லாம் முதலில் வந்து சேருவதும் அங்கேதான்.

இலங்கையில் இதற்கான சட்டம் பழையது. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இரண்டு கட்டங்களில் அனுமதி கேட்கிறது. கட்டுவதற்கு முன் உள்ளூராட்சி சபை பிளானை அங்கீகரிக்க வேண்டும்; கட்டி முடித்தபின், குடிபோகுமுன், இணக்கச் சான்றிதழ் பெற வேண்டும். சி.ஓ.சி என்று சபைகளில் சொல்லுவது இதைத்தான். 1978 இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்தபின் நகர்ப்புறங்களுக்கு மேலதிக ஒழுங்குவிதிகள் சேர்ந்தன. கண்டிக்கு இன்னொரு படியும் உண்டு. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம் என்பதால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை இல்லாமல் பிளான் பாஸாகக் கூடாது என்பது 2011 முதல் உள்ள நடைமுறை. நிறுவன உத்தியோகத்தர் காணிக்கு வந்து சரிவையும் மண்ணையும் நீரோட்டத்தையும் பார்த்து, கட்டலாமா, எந்த நிபந்தனையோடு கட்டலாம் என்று எழுதித் தருவார்.

தமிழ்நாட்டின் மலைகளில் வழி வேறு. நீலகிரியில் 1993 முதல் கட்டடத்தின் உயரம் 7 மீற்றரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருக்கிறது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் ஊர்களில் வனம், புவியியல், வேளாண் பொறியியல் என்று பல துறைகளின் தடையின்மைச் சான்றுகளும் தேவை. உயர வரம்புக்கு ஒரு நன்மை உண்டு: மீறினால் வீதியில் போகிறவருக்கே தெரியும். கொடைக்கானலில் இரண்டு தளத்துக்கு அனுமதி பெற்று ஏழு தளமாக எழுந்த ஓட்டலின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மேலதிகத் தளங்களை இடிக்கச் சொன்ன தீர்ப்பு 1995 இல் அங்கே உறுதியானது. ஆனால் உயரத்தை அளப்பது மண்ணை அறிவதாகாது. 2009 நவம்பர் மழையில் நீலகிரி சரிந்தபோது நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இந்த இடத்தில் இலங்கை முறையே மேல் என்பேன். மண்சரிவு வரைபடம் தயாரிப்பது, காணியைப் பார்த்துப் பரிந்துரைப்பது, மழைக்காலத்தில் எச்சரிப்பது மூன்றும் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்ற ஒரே நிறுவனத்தின் வேலை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்று அது படி வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை கண்டி மாவட்டத்தில் ஏராளமான உயிர்களைக் கொண்டுபோனது. 2011 நடைமுறைக்கு முன்பே எழுந்த வீடுகளும், யாரிடமும் கேட்காமல் கட்டிய வீடுகளும் இங்கே மிக அதிகம். இனிக் கட்டப்போகும் வீட்டுக்குத்தான் பரிந்துரை காவல். நிற்கிற வீட்டுக்குக் காவல் எச்சரிக்கை ஒன்றே.

கட்டி முடித்தபின் பெறும் சான்றிதழுக்கு வந்தால், இந்தியாவிடம் நாம் கற்க ஒன்று இருக்கிறது. சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். 2019 இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. மின் இணைப்புக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் கேட்கும் நடைமுறையும் வலுப்பட்டது. 2024 டிசெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அதையே சொன்னது: நிறைவுச் சான்று காட்டினால்தான் மின்சாரமும் குடிநீரும். சான்றிதழ் எடுக்காவிட்டால் விளக்கு எரியாது என்றால் வீட்டுக்காரர் தானாகவே சபைக்குப் போவார். எங்கள் பக்கம் பிளான் பாஸானதோடு அலுவல் முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். பாஸான பிளானுக்கு மேல் பின்னாளில் ஒரு தட்டு ஏற்றும்போது, அத்திவாரம் எத்தனை தட்டுக்குப் போட்டது என்று கேட்க யாரும் வருவதில்லை.

இந்தியாவின் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. 2024 ஜூலையில் தமிழ்நாடு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு, அதிகாரி வந்து பார்க்காமலே இணையவழியில் அனுமதி கிடைக்கும். தஞ்சாவூர்ச் சமவெளியில் அது மக்களின் அலைச்சலைக் குறைக்கும் நல்ல ஏற்பாடு. ஹந்தானைச் சரிவுக்கு ஒருநாளும் ஆகாது.

வாடகைக்காரர் நிலை இரு நாட்டிலும் பலவீனம். தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி, கட்டமைப்புப் பழுதுகளை வீட்டுக்காரர் பொறுப்பில் வைத்திருக்கிறது. சுவர் வெடித்தால் யார் செலவு என்ற சண்டைக்கு அது பதில். சுவர் வெடிக்கக்கூடிய வீடா என்று முன்கூட்டி அறியும் வழியை அங்கும் இங்கும் வாடகைக்காரர் தானேதான் தேட வேண்டியிருக்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு போர்டிங் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வரும் பெற்றோர் தூரம், தண்ணீர், முற்பணம் மூன்றையும் விசாரிக்கிறார்கள். அதோடு சி.ஓ.சி இருக்கிறதா, எத்தனை தட்டுக்கு என்று வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். அவர் மழுப்பினால் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ விசாரிக்கலாம். இடத்தின் அபாயநிலையைக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்டி அலுவலகத்தில் கேட்கலாம். அறையைப் பார்த்த கையோடு வீட்டின் பின்பக்கம் இறங்குங்கள். தாங்குசுவரில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா, சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, முற்றத்தில் புதிதாக வெடிப்பு ஓடுகிறதா, மரமோ மின்கம்பமோ சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பு இல்லாத ஊற்று கிளம்பி, தண்ணீர் கலங்கி வந்தால் அந்த வீட்டுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள். பிள்ளை ஏற்கெனவே அங்கே தங்கியிருந்தால் அன்றைக்கே வேறிடம் மாற்றுங்கள்.