இடது கைக்கு ஓர் இசைக்குழு

கீபோர்டு வாசிக்கிற நண்பர்களிடம் ‘உடம்பு எப்படி இருக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே புது மாடலுக்கு வந்துவிடுவார்கள். ‘என்கிட்ட இருக்கறது 2001ல வாங்கினது சார். மாத்திடலாமா?’ சமீபத்தில் இப்படிக் கேட்டவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் முகூர்த்த நாட்களில் கல்யாண ரிசப்ஷனிலும் வாசிப்பவர். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் நீட்டி எழுதினால் இந்த வாரப் பக்கம் நிரம்பிவிடும்.

நான் சொல்வது பியானோவை அல்ல. பொருட்காட்சியில் விற்கிற பொம்மையையும் அல்ல. அரேஞ்சர் கீபோர்டு. இடது கையால் ஒரு கார்டைப் பிடித்தால் டிரம்ஸ், பேஸ் கிடார், ரிதம் கிடார், பின்னணி வயலின் எல்லாம் அந்தக் கார்டுக்கு ஏற்றபடி தானாக ஓடும். வலது கை பாட்டைப் பார்த்துக்கொண்டால் போதும். ஆரம்பத்துக்கு ஒரு பட்டன், பல்லவியிலிருந்து சரணத்துக்குத் தாவ ஒரு பட்டன், முடித்து வைக்க ஒரு பட்டன். இந்த ஓட்டத்துக்கு ‘ஸ்டைல்’ என்று பெயர். ஒரு காலத்தில் மெல்லிசைக் குழு என்றால் அக்கார்டியன், கிடார், காங்கோ, பாங்கோ என்று மேடை நிறைய ஆட்கள் இருப்பார்கள். இப்போது சுமாரான ரிசப்ஷன் என்றால் ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், இரண்டு பாடகர்கள். மீதிப்பேர் பெட்டிக்குள் போய்விட்டார்கள்.

ஆட்களைப் பெட்டிக்குள் அடைக்கிற வேலை புதிதல்ல. 1959ல் அமெரிக்காவின் வுர்லிட்சர் கம்பெனி ‘சைட்மேன்’ என்று ஒரு தாள இயந்திரம் செய்தது. மர அலமாரி மாதிரி இருக்கும். உள்ளே மோட்டார் ஒன்று சுற்றச் சுற்ற, வால்வுகள் டிரம் சத்தம் எழுப்பும். 2023ல் வந்த யமஹா ஜெனோஸ்2 அதன் கொள்ளுப்பேத்தி. நம்மூரில் அதன் விலைக்குச் சின்னதாக ஒரு கார் வாங்கலாம்.

விலைக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1981ல் கேசியோ ‘எம்.டி. 40’ என்று மலிவான ஒரு சின்னக் கீபோர்டை விற்றது. அதில் ‘ராக்’ என்று ஒரு பட்டன். அந்த ஓட்டத்தை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ, இசைக் கல்லூரியிலிருந்து நேராகக் கம்பெனிக்கு வந்த இளம்பெண். கல்லூரியில் ஆராய்ச்சிக் கட்டுரையே ரெக்கே இசை பற்றித்தான் எழுதியிருந்தார். ஜமைக்காவில் யாரோ அந்தப் பட்டனை அழுத்த, கொஞ்சம் வேகத்தைக் குறைத்து 1985ல் ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ என்ற பாட்டு வந்தது. அந்தத் தீவின் இசையே கம்ப்யூட்டர் தாளத்துக்கு மாறியது. அதற்கப்புறம் அதே ஓட்டத்தின் மேல் நூற்றுக்கணக்கில் பாட்டுகள். இத்தனைக்கும் அந்தப் பெட்டியில் ஸ்கிரீன்கூடக் கிடையாது.

சரி, புதுப் பெட்டியில் என்ன கூடுதல்? முதலில் சத்தம். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பழைய கீபோர்டுகளில் ஞாபக சக்தி குறைவு. வயலினின் ஒரு சின்னத் துண்டைப் பதிவு செய்து அதையே இழுத்து இழுத்து ஓட்டுவார்கள். புதியவற்றில் கிடார் கம்பி மேல் விரல் வழுக்குகிற ஓசை, சாக்ஸபோன்காரர் மூச்சு வாங்குகிற ஓசைவரை கேட்கும். ஒரே சமயத்தில் ஒலிக்கும் சுரங்களின் எண்ணிக்கையும் கூடிவிட்டது. பழைய பெட்டிகளில் 32 அல்லது 64. 2017ன் ஜெனோஸில் 256. பழையதில் பின்னணி வாத்தியங்கள் நிறைய ஓடும்போது நீங்கள் அழுத்திப் பிடித்திருக்கும் சுரம் பாதியில் காணாமல் போகும். புதியதில் போகாது.

ஷோரூமில் ஹெட்போன் மாட்டிக் கேட்டால் இந்த வித்தியாசத்தில் சொக்கிப் போவோம். ஆனால் நண்பர் வாசிப்பது ஷோரூமிலா? கல்யாண மண்டபத்தில், வாடகை ஸ்பீக்கரில், மாப்பிள்ளையின் பெரியப்பா மைக்கில் கார் நம்பர் சொல்லிக்கொண்டிருக்கும்போது. சாக்ஸபோனின் மூச்சு பந்தியைத் தாண்டி யார் காதில் விழும்? வீட்டில் ரெக்கார்டிங் செய்கிறவருக்கு இது பெரிய லாபம். ரிசப்ஷன்காரருக்கு ரொம்பச் சின்ன லாபம்.

இரண்டாவது, கடைக்காரர் சொல்லாத ஒரு சமாசாரம். பழைய பெட்டிகள் பலவற்றில் இடது ஓரத்தில் ஒரு சக்கரம் இருக்கும். சுரத்தை வளைக்க. நம் பாட்டை வாசிக்கிறவர்களுக்கு உயிர் அதில்தான். கட்டை கட்டையாக இருக்கிற வெள்ளைக்காரச் சுரத்தைக் கொஞ்சமாவது குழைத்து ஒரு கமகத்தின் சாயலைக் கொண்டுவருவது அந்தக் கட்டைவிரல்தான். 2019ல் வந்த யமஹா பி.எஸ்.ஆர். எஸ்.எக்ஸ்.900ல் சக்கரத்தை எடுத்துவிட்டு ஜாய்ஸ்டிக் வைத்திருக்கிறார்கள். வீடியோ கேம் குச்சி. இடம் வலமாகத் தள்ளினால் சுரம் வளையும், மேலே தள்ளினால் அதிரும். வளைக்கப் போய் அதிரவைத்துவிட வாய்ப்பு அதிகம். பழகிக்கொள்ளலாம்தான். ஆனால் இருபது வருஷமாகச் சக்கரத்தில் பழகிய கட்டைவிரலுக்கு யார் சொல்வது?

இங்கே கம்பெனிகள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அரபு நாட்டுச் சந்தைக்காக யமஹா ‘ஏ’ வரிசை என்று தனியாகவே செய்கிறது. அவர்களுடைய கால் சுரங்களை வாசிக்க பட்டன்கள், அவர்கள் ஊர்த் தாளங்கள், எல்லாம் மேடைக்கு லாயக்கான பெட்டியில். நமக்கும் ‘ஐ’ வரிசை என்று ஒன்று உண்டு. தபலா, தம்புரா எல்லாம் வைத்து. ஆனால் அது கற்றுக்குட்டிகளுக்கான விலையில், கற்றுக்குட்டிகளுக்கான பெட்டி. தொழிலுக்கு வாசிக்கிற இந்தியர் உயர் ரகத்தை வாங்கித் தன் தாளத்தைத் தானே உள்ளே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படித்தான் போட்டுக்கொண்டார்கள். இதுதான் விஷயத்தின் மையம். நண்பர் பெட்டியில் கம்பெனி கொடுத்த ஸ்டைல்களை அவர் தொடுவதே இல்லை. போல்கா, போசா நோவா எல்லாம் மண்டபத்தில் எதற்கு? ஆறெட்டில் ஒரு குத்து, எழுபதுகளின் மெலடிக்கு ஒரு தபலா நடை, ஆராதனைக்கு ஒரு மெதுவான ஓட்டம் என்று இருபது வருஷத்தில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து 180 ஸ்டைல் செய்து வைத்திருக்கிறார். எல்லாம் ஃபிளாப்பியில்.

நான் பி.காம். படித்தவன். தேய்மானக் கணக்கு போட்டால் அந்தப் பெட்டியின் புத்தக மதிப்பு இன்றைக்கு ஏறத்தாழ சைபர். ஆனால் அந்த 180 ஸ்டைலை எந்தத் தலைப்பில் எழுதுவது?

‘புதுசுல பழைய ஸ்டைல் எல்லாம் ஓடும் சார்’ என்கிறார் கடைக்காரர். பொய் இல்லை. அதே கம்பெனியென்றால் பெரும்பாலும் ஓடும். ஆனால் ஸ்டைல் ஃபைலுக்குள் சத்தம் கிடையாது. எந்த வாத்தியம், எந்த சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பு மட்டும்தான். சாம்பார் இல்லை, சாம்பார் செய்முறை. புது வீட்டின் புளியும் மிளகாய்ப்பொடியும் வேறு. பழைய பெட்டியில் பேஸ் சத்தம் மந்தம் என்று அவர் ஏற்றி வைத்திருப்பார். புதியதில் அது இடிக்கும். தபலா இருந்த இடத்தில் வேறேதோ தட்டும். ஒவ்வொன்றையும் கேட்டு, சமன்செய்து, மறுபடி சேமிக்க வேண்டும். ஒன்றுக்கு இருபது நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 ஸ்டைலுக்கு 60 மணி நேரம். வேறு கம்பெனிப் பெட்டி என்றால், உதாரணமாக யமஹாவிலிருந்து கோர்குக்குப் போனால், முதலில் ஃபைலையே மாற்ற வேண்டும், அப்புறம்தான் இந்த இருபது நிமிஷம். இந்த 60 மணி நேரம் எந்த விலைப்பட்டியலிலும் இருக்காது.

ஆகவே அவருக்கு நான் சொன்ன முதல் யோசனை கீபோர்டு பற்றியதே அல்ல. ஃபிளாப்பிகளை உடனே கம்ப்யூட்டரில் காப்பி எடுங்கள் என்றேன். ஜப்பானில் சோனி ஃபிளாப்பி விற்பதை நிறுத்தியதே 2011ல். இருக்கிற டிஸ்க்குகளில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. டிரைவ் போய்விட்டால், அதே இடத்தில் பென்டிரைவ் செருகுகிற மாதிரி ஒரு மாற்றுக் கருவி கிடைக்கிறது. விலை ஒன்றும் பயமுறுத்தாது.

சில கட்டைகள் அழுத்தினால் பேசுவதில்லை என்பது அவருடைய இன்னொரு புகார். பழைய பெட்டிகளில் சகஜம். கட்டைக்கு அடியில் இருக்கிற ரப்பர் பட்டையில் கரி தேய்ந்திருக்கும் அல்லது தூசி படிந்திருக்கும். கழற்றித் துடைத்தால் பாதிக்குமேல் சரியாகும். இல்லாவிட்டால் பட்டையை மாற்றலாம். இதற்காக ஒரு லட்ச ரூபாய் செலவு செய்ய வேண்டாம். ஆனால் மெயின் போர்டு போய்விட்டது, கம்பெனியிலும் பாகம் இல்லை என்றால் அது வேறு விஷயம். அப்போது யோசிக்கவே வேண்டாம்.

அப்படியானால் யார்தான் மாற்றலாம்? இதை வைத்துச் சம்பாதிக்கிறவர் மாற்றலாம். 1,20,000 ரூபாய்ப் பெட்டி, வருஷத்துக்கு 40 கச்சேரி, ஐந்து வருஷம். ஒரு கச்சேரிக்கு 600 ரூபாய் விழுகிறது. வேன் வாடகையைவிடக் குறைவு. அதே பெட்டியை வருஷத்துக்குப் பத்து ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தூசி தட்டி வாசிக்கிறவருக்கு ஒரு தடவைக்கு 2,400. பொண்ணு கிளாஸ் போகிறாள், மிஸ் மாற்றச் சொன்னார்கள் என்கிற பெற்றோர், ‘கிரேடு பரீட்சைக்கு 61 கட்டை, அழுத்தத்துக்கேற்பச் சத்தம், இது இரண்டும் இருக்கிறதா?’ என்று மட்டும் பாருங்கள். இருந்தால் பழையதே போதும்.

என்னைக் கேட்டால், சத்தத்துக்காக மாற்றுவதைவிட இன்னொரு காரணத்துக்காக மாற்றலாம். எஸ்.எக்ஸ்.900 போன்ற பெட்டிகளில் நாமே பதிவு செய்த ஓசைகளை உள்ளே ஏற்ற 1 ஜி.பி. இடம் தருகிறார்கள். உங்கள் ஊர் தவில்காரர் வாசித்த தவில், தெரிந்தவருடைய டோலக்கு, அப்படியே. பழைய நடுத்தரப் பெட்டிகளில் பெரும்பாலும் இதற்கு வழியே கிடையாது. டோக்கியோவில் யாரோ பதிவு செய்த தபலாவோடு இருபது வருஷம் மல்லுக்கட்டியவருக்கு இது பெரிய விடுதலை. நண்பரும் இதைக் கேட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். 60 மணி நேரத்தை மறந்துவிட்டாரோ என்று பயந்தேன். இல்லை. ‘180ல வாசிக்கறது என்னவோ நாப்பதுதான் சார்’ என்றார்.

நாற்பதுக்குப் பதின்மூன்று மணி இருபது நிமிஷம். அது நடக்கிற காரியம்.

வாங்கப் போகும்போது டெமோ பட்டனை மட்டும் தொடாதீர்கள். அதில் வாசித்திருப்பவர் உங்களைவிட நன்றாக வாசிப்பார். பென்டிரைவில் உங்கள் பத்து ஸ்டைல்களைக் கொண்டுபோய்ப் போட்டு, அடிக்கடி வாசிக்கிற ஒரு பாட்டை ஹெட்போன் இல்லாமல் வாசித்துப் பாருங்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடச் சொல்வார்கள். தருவது வேன் வாடகைக்குக்கூடக் காணாது. புதுப் பெட்டி மேடையில் நடுவில் மக்கர் செய்கிற நாளுக்கு அது வண்டியில் இருக்கட்டும், அடாப்டரோடு.